சண்டையே வராத சண்டை நாவல்கள்

ஜூன் 9

வாசகர் ஒருவரின் கேள்வி: "முதல் உலகப் போர் நாவல் ஒன்றை எடுத்துப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். பத்தொன்பது வயதுப் பையன் போர்முனைக்குப் போகிறான். நூற்றைம்பது பக்கம் தாண்டியாச்சு. மண் வெட்டுகிறான், மூட்டை சுமக்கிறான், சட்டையில் பேன் பார்க்கிறான். எதிராளியின் முகத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை. இதற்கு எதற்குப் போர் நாவல் என்று பெயர்? நிஜமாகவே சண்டை நடக்கிற அகழிப்போர் நாவல் இருந்தால் சொல்லுங்கள்."

ஜூன் 9, இரவு

சொல்ல மாட்டேன். அகழிப்போர் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் சண்டை வந்தால் எழுதியவர் புளுகுகிறார் என்று அர்த்தம்.

அந்தப் பையனின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் எழுப்பிவிடுவார்கள். குழியின் முன்சுவரில் ஒரு படி வெட்டியிருக்கும். துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு அதில் ஏறி நிற்க வேண்டும். எதிரி வந்தால் விடியற்காலையில்தான் வருவான் என்று இந்த ஏற்பாடு. பெரும்பாலும் வர மாட்டான். வெளிச்சம் நன்றாக வந்ததும் இறங்கலாம். பிரிட்டிஷ் படை என்றால் ஒரு மடக்கு ரம். அப்புறம் துப்பாக்கி துடைப்பு, காலைச் சாப்பாடு. பகலில் தலையைத் தூக்க முடியாது, எதிரே குறிவைத்துச் சுடுகிறவன் காத்திருப்பான். சுவரில் சாய்ந்து தூங்கலாம், காவல் நிற்கலாம், கடிதம் எழுதலாம், பேன் பார்க்கலாம். அந்தியில் மறுபடி படியேறி நிற்க வேண்டும். இருட்டிய பிறகுதான் வேலையே தொடங்கும். மணல்மூட்டை கட்டு, இடிந்த சுவரைத் தூக்கு, முள்கம்பியைச் சரிசெய், பின்னாலிருந்து சாப்பாடும் தண்ணீரும் சுமந்து வா. தண்ணீர் பெட்ரோல் டின்னில் வரும், டீயில் பெட்ரோல் வாசனை அடிக்கும். நாலைந்து நாள் முன்வரிசை, பிறகு அதற்குப் பின்வரிசை, பிறகு ஓய்வு. ஓய்வில் என்ன செய்வார்கள்? குழி வெட்டுவார்கள்.

நம்மூர்க் கணக்கில் இது சித்தாள் வேலை. நடுநடுவே குண்டு விழும்.

ஜூன் 10

எனக்கு இதில் அனுபவம் உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். கல்லூரி என்.சி.சி. முகாமில் ஒரு குழி வெட்டியிருக்கிறேன். இரண்டு பேருக்கு ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி. நெஞ்சளவு ஆழம் வேண்டும் என்றார்கள். முழங்கால் அளவு வருவதற்குள் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்துவிட்டது. அதற்குக் கீழே சுக்கான்பாறை. கடப்பாரை எகிறி எகிறி வந்தது.

சொல்லிக்கொடுத்த ஹவில்தார் குழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெட்டிய மண்ணை எங்கே கொட்டுகிறோம் என்றுதான் பார்த்தார். "குழி உன்னை ஒளிச்சு வைக்கும். அந்த மண்ணுதாண்டா குண்டைத் தாங்கும்" என்றார். நாங்கள் அதை எல்லாப் பக்கமும் வாரி இறைத்திருந்தோம். திரும்ப அள்ளி முன்பக்கமாகக் குவித்தோம். ராத்திரி மழை. காலையில் குழி நிறையத் தண்ணீர், ஒரு தவளை. மத்தியானம் அதை மூடச் சொன்னார்கள்.

அவ்வளவுதான் என் போர் அனுபவம். ஆனால் அதற்குப் பிறகு எந்த நாவலில் மணல்மூட்டை வந்தாலும் உள்ளங்கை எரியும்.

ஜூன் 10, பிற்பகல்

ஹவில்தார் குழியை 'மோர்ச்சா' என்பார். தமிழில் என்ன சொல்வது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். 'அகழி' என்று எழுதிவிட்டேன், ஆனால் அகழி என்றதும் வேலூர்க் கோட்டையும் முதலையும்தான் கண்முன் வருகின்றன. 'பதுங்குகுழி' என்றால் இரண்டு பேர் குந்தியிருக்கிற பள்ளம் மாதிரி இருக்கிறது. பிரான்ஸில் வெட்டியது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். தோற்றத்தில் அது வாய்க்கால்தான். தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கிற வாய்க்கால், உள்ளே ஆட்கள். 'வாய்க்கால் போர்' என்று எழுதினால் பங்காளிச் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். அகழியே இருக்கட்டும்.

ஜூன் 11

ஒருவர் எழுதியிருக்கிறார்: "அகழியில் நின்றவர்களுக்குக் காலில் வந்த 'அகழிக்கால்' நம்ம சேற்றுப்புண் தானே? நடவுக்குப் போகிற பெண்களுக்கு வராததா?"

இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன், தமிழில் அப்படியே மொழிபெயர்த்தும் பார்த்திருக்கிறேன். சேற்றுப்புண் விரலிடுக்கில் பூஞ்சையால் வருவது. அரிக்கும், வெள்ளையாக ஊறும், பாட்டி மருதாணி அரைத்து வைத்தால் நாலு நாளில் காய்ந்துவிடும். அகழிக்கால் என்பது குளிரும் ஈரமும் சேர்ந்து ரத்த ஓட்டத்தையே நிறுத்துவது. பனி உறைய வேண்டிய அவசியம்கூட இல்லை. ஈர பூட்ஸ், ஈரக் காலுறை, நாள்கணக்கில் நின்றபடி. முதலில் மரத்துப்போகும். பிறகு வீங்கும், பூட்ஸைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது. பிறகு நீலம், முற்றினால் அழுகல், கடைசியில் கத்தி. 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் மட்டும் ஏறக்குறைய 20,000 பேருக்கு வந்தது.

மருந்து திமிங்கில எண்ணெய். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு: இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, ஒருவன் காலை மற்றவன் தேய்த்துவிட வேண்டும், காலுறை மாற்றினானா என்று பார்க்க வேண்டும். தன் காலைப் பார்க்கச் சோம்பல்படுகிறவன் அடுத்தவன் காலைப் பார்ப்பான். பத்தொன்பது வயதுப் பையன், இருட்டில், நேற்றுவரை முன்பின் தெரியாத ஒருவனின் பாதத்தை மடியில் வைத்து மீன்வாடை எண்ணெய் தேய்க்கிறான். கேள்வி கேட்ட தம்பி, உங்கள் நாவலில் இது வந்ததா? வந்திருந்தால் அந்தப் பக்கத்தைத் தாவிப் போயிருப்பீர்கள்.

ஜூன் 11, இரவு

பேன் என்று பொதுவாக எழுதிவிட்டேன். அது தலைப்பேன் இல்லை, சீலைப்பேன். துணியின் தையலில் குடியிருக்கும். மெழுகுவத்திச் சுடரைத் தையலோரமாக ஓட்டினால் முட்டை படபடவென்று வெடிக்கும். அகழிக் காய்ச்சல் என்று ஆயிரக்கணக்கானோரைப் படுக்கப்போட்டது இதுதான் என்பது 1918-இல்தான் உறுதியாயிற்று. அதாவது போர் முடியப்போகிற சமயத்தில்.

ஜூன் 13

நேற்று முழுக்க ஒரு யோசனை. எழுதிவிடுகிறேன், தப்பானால் அடுத்த குறிப்பில் அடித்துக்கொள்ளலாம்.

அகழியை நேர்கோட்டில் வெட்ட மாட்டார்கள். ஆறு முதல் ஒன்பது மீட்டருக்கு ஒரு தரம் மண்ணைப் பெரிய தூண் மாதிரி விட்டு, அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போவார்கள். மேலிருந்து பார்த்தால் கோட்டைச் சுவரின் பல்வரிசை மாதிரி தெரியும். காரணம் இரண்டு. ஒன்று, குண்டு உள்ளே விழுந்தால் சிதறல் அந்த ஒரு அறையோடு நிற்கும். இரண்டு, எதிரி ஒரு முனையில் குதித்துவிட்டால் வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் சுட முடியாது.

அந்தப் பையன் கோணத்தில் பாருங்கள். முன்னால் மண். பின்னால் மண். இடதும் வலதும் நாலைந்து எட்டு வைத்தால் திருப்பம். மேலே ஒரு கீற்று வானம். போர் என்று ஒன்று ஸ்விட்சர்லாந்து எல்லையிலிருந்து கடல்வரை நடக்கிறது, அவனுக்குத் தெரிவது ஒரு மாட்டுக்கொட்டகை நீளம். அடுத்த திருப்பத்துக்கு அப்பால் என்ன ஆயிற்று என்பது வதந்தியாகத்தான் வரும். தளபதி யார், திட்டம் என்ன, ஜெயிக்கிறோமா தோற்கிறோமா, ஒன்றும் தெரியாது.

இந்த நாவல்களில் பல 'நான்' என்று சொல்லிக்கொண்டு போவதும், கதை என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் துண்டுதுண்டாக நிற்பதும் இதனால்தான் என்று தோன்றுகிறது. குருக்ஷேத்திரத்தை சஞ்சயன் உட்கார்ந்த இடத்திலிருந்தே முழுக்கப் பார்க்கலாம். களம் பாடுகிற நம் பரணிக் கவிஞருக்கும் யானை எங்கே விழுந்தது, பேய் எங்கே கூழ் காய்ச்சியது என்று எல்லாம் தெரியும். அகழியில் இருப்பவனுக்கு ஒன்பது மீட்டர்.

ஜூன் 13, சற்றுக் கழித்து

அந்தத் திருப்பத்தின் பயங்கரத்துக்கு ஒரு நிஜ உதாரணம். 1915 மார்ச் 10, பிரான்ஸில் நவ் ஷப்பேல். காலையில் 35 நிமிடம் பீரங்கி, அப்புறம் தாக்குதல். போனவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்தியப் படையினர். 39-வது கர்வால் ரைஃபிள்ஸைச் சேர்ந்த கபர் சிங் நேகி, பத்தொன்பது வயது. ஜெர்மன் அகழிக்குள் இறங்கிய பிறகு ஒவ்வொரு திருப்பத்தையும் முதல் ஆளாகச் சுற்றிப் போனவர் அவர்தான் என்று அவருக்குக் கிடைத்த விக்டோரியா கிராஸ் வீரப்பதக்கத்தின் அறிவிப்பிலேயே இருக்கிறது. அன்றே இறந்துபோனார். கர்வாலில் அவருடைய சம்பா ஊரில் இன்றும் வருஷாவருஷம் ஏப்ரலில் அவர் பெயரில் மேளா நடக்கிறது.

ஒவ்வொரு திருப்பத்தையும் முதல் ஆளாக. மண் மூலைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறான் என்று தெரியாது. ஒன்று முடிந்ததும் அடுத்தது. கேள்வி கேட்டவருக்கு வேண்டிய சண்டை இதுதான், ஆனால் மொத்தமே சில நிமிடம் நடந்திருக்கும்.

ஜூன் 14

'நம்ம ஆட்கள் யாரும் போகவில்லையா' என்று இரண்டு பேர். போனார்கள். பாளையங்கோட்டை பெயரைத் தாங்கிய 63-வது படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கி அடிவாங்கித் திரும்பியது. மதராஸ் சாப்பர்கள் என்கிற பொறியாளர் படை மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இருந்தது. இந்திய ராணுவத்தில் இன்றும் அவர்களுக்குப் பட்டப்பெயர் 'தம்பி'. முள்கம்பி வேலியைத் தகர்க்க நீளக் குழாயில் வெடிமருந்து அடைத்து அடியில் தள்ளுவார்களே, 'பெங்களூர் டார்ப்பிடோ', அது 1912-இல் இந்தத் தம்பிகளின் படை அதிகாரி ஒருவர் பெங்களூரில் செய்தது. பிரான்ஸ் அகழியில் கம்பி வெட்டிய வெள்ளைக்காரப் பையன் கையில் நம்மூர்ப் பக்கத்துச் சாமான்.

ஆனால் நம் மொழியில் அந்தப் போர் விட்டுப்போனது என்ன? 'எம்டன்'. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் மதராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது, நாம் இன்னும் "அவன் எம்டன்டா" என்கிறோம். அகழிக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை, கப்பலுக்குக் கிடைத்துவிட்டது.

ஜூன் 14, இரவு

திசை மாறிவிட்டது. நாவலுக்கு வருகிறேன். இந்தியச் சிப்பாயை வைத்து அகழி நாவல் வேண்டும் என்றால் முல்க் ராஜ் ஆனந்த் ஆங்கிலத்தில் எழுதியது இருக்கிறது, லாலு என்ற பஞ்சாபி விவசாயி மகன் மார்சேய் துறைமுகத்தில் இறங்குவதில் தொடங்கும். கடல் தாண்டினால் சாதி போகும் என்ற பயத்தோடு வந்தவர்கள். லாலு பிரெஞ்சுக்காரர்களின் வயலையும் பண்ணை வீட்டையும் ஊர்க்காரன் கண்ணோடு பார்த்துக்கொண்டே போவான். உழுகிறவனுக்கு ஒரு நிலம் பாழாவது எப்படித் தெரியும் என்பதை நகரத்தில் வளர்ந்த நாயகனை வைத்து எழுத முடியாது. பட்டாளத்துப் பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் போட்டிருப்பார், சில இடத்தில் பல்லில் கல் படும். ஆனால் விடாமல் படித்தேன்.

ஜூன் 16

ஒரு திருத்தம், கேலி செய்தவருக்கு நன்றி. ஜெர்மன் எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க்கின் முதல் உலகப் போர் நாவலை நான் இன்னொரு இடத்தில் 'மேற்குமுனையில் அமைதி' என்று எழுதியிருந்தேன். அது ஆங்கிலத் தலைப்பின் தமிழ். ஜெர்மன் தலைப்பில் அமைதி என்ற சொல்லே இல்லை. 'மேற்கில் புதிதாக ஒன்றும் இல்லை', அவ்வளவுதான். 1918 அக்டோபரில் பவுல் என்கிற அந்தப் பையன் செத்த நாளில் ராணுவ அறிக்கை ஒரே வரியில் சொன்னது அது. நாவல் முழுக்க 'நான்' என்று பேசியவன், கடைசிப் பத்தியில் 'அவன்' ஆகிவிடுவான்.

நாம் போனில் தினமும் சொல்கிறோமே, "வேற விசேஷம் ஒண்ணும் இல்ல". அந்தத் தொனி. அமைதி என்று போட்டதும் அதில் ஒரு கவிதை வந்து உட்கார்ந்துவிட்டது, குமாஸ்தாவின் குரல் போய்விட்டது.

ஜூன் 16, இரவு

விசேஷம் இல்லை என்றதும் ஞாபகம் வந்தது. பிரிட்டிஷ் படையில் ஓர் அச்சடித்த அட்டை தருவார்கள். 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்', 'உன் கடிதம் கிடைத்தது' என்று வரிகள் தயாராக இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். மேற்கொண்டு ஒரு சொல் எழுதினாலும் அட்டையைக் கிழித்துப்போட்டுவிடுவார்கள். 'இங்கு அனைவரும் நலம், நலமறிய ஆவல்' என்று இன்லேண்டு லெட்டரில் எழுதிப் பழகிய நமக்கு இது புரியும், நாம் அச்சடிக்காமலே அப்படித்தான் எழுதினோம்.

இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்துப் படித்தார்கள். அதனால் ஒருவர் கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு என்று எழுதுகிறார். கறுப்பு என்றால் இந்தியர், சிவப்பு என்றால் வெள்ளைக்காரர். இந்தியாவிலிருந்து வந்த கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இன்னும் வரவழைப்பார்கள் என்று போகிறது கடிதம். தணிக்கைக்காரருக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கிறது.

ஜூன் 17

ரெமார்க் "எத்தனை வருஷம்" அகழியில் இருந்தார் என்று கேட்டிருந்தார்கள். வருஷமா? 1917 ஜூனில் போர்முனைக்குப் போனார், ஜூலை 31 அன்று குண்டுச்சிதறல் பட்டு மருத்துவமனைக்கு வந்துவிட்டார். இரண்டு மாதம்கூட இல்லை. அதுவும் கம்பிவேலி அடிக்கிற, குழி வெட்டுகிற பிரிவில். ஆக, எழுதியவரும் சித்தாள்தான். எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அந்த நாவலில் சண்டையைவிட எனக்கு நினைவில் நிற்பது ஒரு ஜோடி பூட்ஸ். மென்மையான மஞ்சள் தோல். கால் வெட்டப்பட்டுக் கிடக்கிறவனிடமிருந்து ஒரு நண்பனுக்கு, அவன் செத்ததும் பவுலுக்கு. முதல் தடவை படித்தபோது அந்த நண்பன் மேல் எரிச்சல் வந்தது, சாகக் கிடக்கிறவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே என்று. அகழிக்கால் பற்றித் தெரிந்த பிறகு படித்தால் நல்ல பூட்ஸ் என்பது அங்கே அரிசி மூட்டை. வார்டுபாய் எடுத்துக்கொண்டு போவதற்குள் நண்பன் எடுத்துக்கொள்வதுதான் சரி.

ஜூன் 19

வாக்குமூலம். இருபது வருஷம் முன்னால் கல்லூரி மலரில் நான் எழுதிய கதை கிடைத்தது. நவ் ஷப்பேல், 1915, சீக்கியச் சிப்பாய். நாலே பக்கத்தில் மூன்று பாய்ச்சல். 'அவன் இரும்புத் தலைக்கவசத்தில் மழை தாளமிட்டது.' என்ன தலைக்கவசம்? அந்த மார்ச்சில் அங்கே மோதிய இரண்டு பக்கத்திடமும் இரும்புத் தொப்பி கிடையாது. ஜெர்மானியர் தலையில் தோல் தொப்பி, எங்கள் நாயகன் தலையில் தலைப்பாகை. 'பல்லால் ஊசியைப் பிடுங்கிக் கையெறி குண்டை வீசினான்' என்று வேறு. இந்தக் காலக் கையெறி குண்டு மாதிரி ஒன்று பிரிட்டிஷ் படைக்கு வந்தது அந்த வருஷம் மேயில்தான். அதுவரை காலி ஜாம் டின்னில் வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் அடைத்து, திரியைப் பற்றவைத்து எறிந்தார்கள். மழையில் திரி பற்றாது.

ஆழமான குழி என்றும் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் இரண்டு மூன்றடி தோண்டினாலே தண்ணீர். கீழே போக முடியாமல் மணல்மூட்டையைத் தரைக்குமேல் அடுக்கினார்கள். ஜெர்மானியர் ஒன்பது மீட்டர் ஆழத்தில் அறை வெட்டியதெல்லாம் பிரான்ஸின் சோம் ஆற்றுப் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில்.

ஜூன் 20

வன்னியிலிருந்து ஒரு நண்பர் எழுதியதை அப்படியே போடுகிறேன்:

"அகழியை ஏன் வளைச்சு வெட்டினவை எண்டு நீங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் வீட்டு முத்தத்தில பங்கர் வெட்டின ஆக்கள். 'ட' வடிவத்திலதான் வெட்டுவம். வாசலில செல் விழுந்தாலும் சிதறல் நேர உள்ள வராது. மேல பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போடுவம். கடைசி நேரம் சாக்கு இல்லை, அம்மாவின்ர சீலையளைக் கிழிச்சு மூட்டை தைச்சம். நல்ல சீலையள். எனக்கு அப்ப பதினொரு வயசு. பதுங்குகுழி எண்டா ரெண்டு பேர் குந்தியிருக்கிற பள்ளமெண்டு எழுதியிருக்கிறியள். நாங்கள் ஒன்பது பேர் இருந்தனாங்கள்."

ஜூன் 20, இரவு

10-ஆம் தேதி எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை, இருக்கட்டும். என் தவளைக் குழியும் இருக்கட்டும்.

ஜூன் 22

அவருக்குத் தனியாக எழுதினேன். உள்ளே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தாயம் விளையாடுவம். சண்டை வரும், ஆர் கள்ளம் விட்டது எண்டு" என்றார். செல் விழுவதைப் பற்றி ஒரு வரிதான் சொன்னார், தாயத்தைப் பற்றி அரைப்பக்கம்.

ஜூன் 23

முதல் நாள் நான் எழுதியது கொஞ்சம் அதிகப்படி. 'சண்டை வந்தால் புளுகு' என்று சொல்லியிருக்கக் கூடாது. 1916 ஜூலை 1, சோம் தாக்குதலின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் செத்தார்கள். அன்று காலை அகழியிலிருந்து ஏணி வைத்து ஏறிய பையனைப் பற்றி எழுதுகிறவர் பேனைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அதற்கு முந்தைய ஒரு வாரம் பீரங்கி இடைவிடாமல் முழங்க, அதே பையன் அந்த ஒன்பது மீட்டரில் உட்கார்ந்திருந்தானே. நாவலாசிரியர் அந்த வாரத்தை இரண்டு வரியில் தாண்டினால் எனக்குக் கோபம் வரும். இந்த அளவில் சமரசம்.

ஜூன் 25

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். நாவலை எடுத்துவிட்டாராம், 180-ஆம் பக்கம். "இன்னும் சண்டை வரல. ஆனா ராஷன் தூக்கிட்டு வர்றவன் வழி தப்பிட்டான், அதுக்கே பதறுது" என்கிறார். சொல்லிவிடாதீர்கள் யாரும், அவன் என்ன ஆகிறான் என்று.

ஜூலை 2

பழைய கதையைத் திருத்த உட்கார்ந்தேன். தலைக்கவசத்தை எடுத்தாச்சு, ஜாம் டின் போட்டாச்சு, மூன்று பாய்ச்சலையும் தூக்கியாச்சு. பையன் இரண்டு தண்ணீர் டின்னோடு பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்குக் கிளம்புகிறான். இருட்டு, கணுக்கால் மூடச் சேறு, எதிரே ஸ்ட்ரெச்சர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆறு பக்கம் எழுதியாச்சு. அவன் இன்னும் மூன்றாவது திருப்பத்தில்தான் நிற்கிறான், டின்னைக் கை மாற்றிக்கொண்டு.